ஆறு வயதுக்கு முன்னர்: சிறப்பு வகுப்பறையும் நன்கொடை உபகரணங்களும்

திருப்பதி கொடைக்குப் பெயர்பெற்ற ஊர். மலைமேல் உண்டியலில் காணிக்கை செலுத்துபவர் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. தாம் செலுத்தியது எங்கே சென்று சேர்ந்தது என்று வினவுவதுமில்லை. ஆயினும் அந்த உண்டியலில் விழும் ஒவ்வொரு நாணயத்தையும் எண்ணி, வகைபிரித்து, கணக்கில் சேர்ப்பதற்குப் பரகாமணி என்னும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. கொடுப்பவர் கேட்காவிட்டாலும் பெறுபவர் எண்ணியாக வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த மலையின் அடிவாரத்திலும், அண்டையிலுள்ள சித்தூரிலும், சிறப்புக் கல்வி பெறும் சிறு குழந்தைகளுக்கு நன்கொடையாக வந்து சேரும் கற்றல் உபகரணங்களுக்கும் அப்படியொரு பரகாமணி வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இங்கே கூடியுள்ள அலுவலர்களுக்குச் சட்டத்தின் வாசகம் புதிதல்ல. மாணவர்களின் பொருட்டு அதைச் சுருக்கமாக எடுத்துரைப்பது நலம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, நூற்றுக்கு 40-க்குக் குறையாத குறைபாடு உடையது எனச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை வழங்குகிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அத்தகைய மாணவர்களுக்கு நூல்களும், பிற கற்றல் பொருள்களும், துணைக் கருவிகளும் 18 வயது வரை விலையின்றி வழங்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே கற்றல் பொருள் என்பது கொடையாளரின் கருணையைச் சார்ந்தது அன்று, அது உரிமை.

ஆனால் அந்த உரிமை நடைமுறையில் எப்போது தொடங்குகிறது? குழந்தைக்கு 6 வயது நிரம்பி, பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறி, மருத்துவக் குழுவின் சான்றும் கைக்கு வந்த பிறகே. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குழந்தையின் மூளை வளர்ச்சியில் நூற்றுக்கு 85-க்கும் மேற்பட்ட பகுதி 6 வயதுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது என்று கூறுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 20 லட்சத்து 42 ஆயிரம் பேர். கை பழகவும், கண் பழகவும், சொல் பழகவும் ஏற்ற ஆண்டுகளில் இக்குழந்தைகளுக்குச் சட்டத்தின் உறுதி தளர்வாகவே உள்ளது. நன்கொடைக்கு உண்மையான வேலை உள்ள இடம் இதுதான். அரசு ஏற்கெனவே கடமைப்பட்டுள்ள இடத்தில் கொடையாளர் மீண்டும் ஒரு புத்தகப் பையைக் கொடுப்பதால் பெரிய ஆதாயம் இல்லை. அரசின் கை இன்னும் எட்டாத மூன்று, நான்கு, ஐந்து வயதில் கொடுப்பதால் ஆதாயம் உண்டு.

பள்ளி வயதை அடைந்த பின்னரும் ஒதுக்கீடு தாராளமானதன்று. 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம், சிறப்புத் தேவை உள்ள குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை வழங்குகிறது. தொடக்க வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் விதித்துள்ள 200 வேலை நாட்களுக்கு இதைப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு 17 ரூபாய் 50 காசு வருகிறது. போக்குவரத்துப் படி, துணைவருவோர் படி, துணைக் கருவி ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். மரத்துண்டும் மணியும் வாங்க எஞ்சுவது என்ன என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

பொருளின் பூர்வீகம்

இன்று வசதி படைத்த குடும்பங்களின் குழந்தைகள் பயிலும் மாண்டிசோரிப் பள்ளிகளில் காணப்படும் மர உபகரணங்கள் பல, முதன்முதலில் சிறப்புக் குழந்தைகளுக்கென உருவானவை என்பதைப் பலர் அறியார். பாரிஸ் நகரில் இதார் என்னும் மருத்துவர், காட்டில் தனித்து வளர்ந்ததாகக் கருதப்பட்ட, பேச்சறியாத ஒரு சிறுவனுக்கு 1800-களின் தொடக்கத்தில் வடிவங்களையும் எழுத்துகளையும் கொண்டு பயிற்சி அளித்தார். அவரைப் பின்பற்றிய செகான், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென உபகரணங்களை விரிவாக வகுத்தார். இவ்விருவரின் நூல்களையும் கற்ற மருத்துவர் மரியா மாண்டிசோரி, ரோம் நகரில் அத்தகைய குழந்தைகளிடம் அவற்றைக் கையாண்டு கண்ட பலனை, 1907-இல் அந்நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டு சென்றார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததைத் தொடர்ந்து இம்முறை நம் நாட்டில் வேரூன்றியது. சிறப்பு வகுப்பறையில் பிறந்த பொருள், இன்று அங்கேயே நன்கொடையாகத் திரும்பி வர வேண்டியிருப்பது ஒரு விந்தை.

இப்பொருள்கள் வேலை செய்யும் விதத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். செகான் பெயரால் வழங்கும் பலகையை எடுத்துக்கொள்ளலாம். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என 10 வடிவங்கள் வெட்டியெடுக்கப்பட்ட மரப்பலகை அது. வெட்டியெடுத்த துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்த வேண்டும். தவறான குழியில் துண்டு உட்காராது. ‘தப்பு’ என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை, பலகையே சொல்லிவிடுகிறது. பிறர் முகச்சுளிப்பை ஓயாது கண்டு பழகிய குழந்தைக்கு, கோபமின்றித் திருத்தும் ஒரு பொருள் கிடைப்பது சிறிய உதவியன்று. இரண்டு துண்டுகளில் தொடங்கி, கைவந்த பின் மூன்றாவதைச் சேர்த்து, பத்து வரை செல்வதற்குச் சில குழந்தைகளுக்குப் பல மாதங்கள் ஆகும்.

அந்தப் பத்தில் ஒரு துண்டு தொலைந்தால் பலகை நிறைவுபெறாது. முடித்தோம் என்ற மகிழ்ச்சியைக் குழந்தை அடைய முடியாது. நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால் எஞ்சிய பக்கங்களைப் படிக்கலாம். இங்கு ஒரு துண்டின் இழப்பு முழுப்பொருளின் பயனையும் பாதிக்கிறது. பெட்டியின் விலையைக் கணக்கிடும் கொடையாளர்கள், துண்டின் விலையைக் கணக்கிடுவது அரிது. உதிரித் துண்டுகளைத் தனியே விற்கும் தயாரிப்பாளரிடம் வாங்குவதும், ஊரிலுள்ள தச்சருக்கு அளவு காட்டி மாற்றுத்துண்டு செய்துகொள்வதும் எளிய வழிகள். அதற்கு 100 ரூபாயை எந்தத் தலைப்பில் செலவிடுவது என்பது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பலகை முடங்கிக் கிடப்பதுண்டு.

ஒரே பலகை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவதுமில்லை. பெருமூளை வாதத்தால் கை இறுகிய குழந்தைக்குத் துண்டின்மேல் பருத்த கைப்பிடி வேண்டும்; பலகை நழுவாமலிருக்க அதன் அடியில் ஈரத்துணி விரித்தாலும் போதும். பார்வை மங்கிய குழந்தைக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் துண்டு தேவை. ஒலியைத் தாங்க இயலாத ஆட்டிசக் குழந்தையின் முன்னே, விளக்கு மின்னிப் பாட்டுப் பாடும் விலையுயர்ந்த பொம்மையை வைப்பது கேடாகவும் முடியும். நன்கொடைப் பெட்டிகளில் அதிகம் இடம்பெறுவது இவ்வகைப் பொம்மைதான் என்றால் மிகையன்று. கொடுப்பவரின் கண்ணைக் கவரும் பொருள் வேறு, குழந்தையின் கைக்கு வேண்டிய பொருள் வேறு.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை, இந்தியத் தரமுத்திரை பெறாத பொம்மைகளின் விற்பனையைத் தடை செய்கிறது. தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பகுதிகள் 3 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் இருத்தலாகாது என்பது விதி. ஆனால் ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி, எதையும் வாயில் வைக்கும் பழக்கம் மாறாத 5 வயதுச் சிறப்புக் குழந்தையிடம் மணிகளைக் கொடுத்துவிட முடியாது. இங்கு வயது என்பது பிறந்த தேதியன்று. இதை அறிந்தவர் வகுப்பாசிரியை. கொள்முதல் ஆணையில் ஒப்பமிடும் அலுவலர் அல்லர்.

எந்த மொழியில் ஆப்பிள்?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது வட ஆர்க்காட்டின் பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டன. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறிய பின்னரும், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் கணிசமாக உள்ளன. குப்பத்தில் கன்னடமும் கலந்து ஒலிக்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பிறகும் இந்நிலை இரு மாவட்டங்களுக்கும் பொது. வீட்டில் ‘மாங்காய்’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை, பள்ளியில் ‘மாமிடிகாய’ என்று கேட்கிறது. நன்கொடையாக வந்த பட அட்டையிலோ ஆங்கிலத்தில் ஆப்பிள். சொற்களைச் சேர்ப்பதே பெரும்பாடாக உள்ள குழந்தையின் மீது மூன்றாவது மொழி ஒன்று, அதுவும் அது தின்றறியாத ஒரு பழத்தின் பெயரோடு, ஏற்றப்படுகிறது.

அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குத் தானே எடுத்துச் செல்வது கடினம் என்பது சிறப்பாசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. பிளாஸ்டிக் ஆப்பிளில் ‘பெரியது, சிறியது’ பழகிய குழந்தை, முற்றத்தில் கிடக்கும் இரு மாங்காய்களில் பெரியதை எடுத்துத் தருமென எதிர்பார்க்க இயலாது. சித்தூரின் மாந்தோப்புகளில் பெங்களூரா மாங்காயும் உண்டு. அளவில் சிறிய வேறு வகைகளும் உண்டு. பெரியது சிறியது கற்பிக்க இதைவிடச் சிறந்த உபகரணம் எந்தப் பெட்டியிலும் வாராது. தட்டு நிறையக் கேழ்வரகைக் கொட்டி அதற்குள் கையை நுழைத்துத் துழாவ விடுவது, தொடு உணர்வுப் பயிற்சிக்கு ஏற்றது. ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாக மர பொம்மைகள் இயற்கைச் சாயமேற்றியவை. புவிசார் குறியீடும் பெற்றவை. திருப்பதியின் பெயரோடு இணைந்த மரப்பாச்சி பொம்மையைக் கொண்டு தலை, கை, கால் என்று உடலுறுப்புகளைக் கற்பிக்கலாம். கொலு வைக்கும் வீட்டுக் குழந்தை அதை முன்பே அறியும்.

உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே எல்லாம் நன்று எனக் கொள்ளவும் வேண்டாம். புளியங்கொட்டை எண்ணுவதற்கு ஏற்றதென்று பலரும் பரிந்துரைப்பார்கள். வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு அது மணியைப் போலவே ஆபத்தானது.

மதனப்பள்ளியில் கிடைத்த பாடம்

கற்றல் பொருள் நிறைந்த ஒரு பெட்டி எப்போது வெற்றி பெறுகிறது என்பதற்கு, பழைய சித்தூர் மாவட்டத்திலேயே உலகறிந்த சான்று உள்ளது. அது சிறப்புக் கல்வியைச் சேர்ந்ததன்று, எனினும் பொருத்தமானது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி, சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று கற்றல் அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட ‘பெட்டிக்குள் பள்ளி’ என்னும் முறையை உருவாக்கியது. ஒவ்வொரு குழந்தையும் தன் ஏணிப்படியில் தன் வேகத்தில் ஏறும். பல வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் வெவ்வேறு அட்டைகளோடு அமர்ந்திருப்பார்கள். பிற மாநிலங்கள் இதை நாடி வந்தபோது, பெட்டி அப்படியே சுமை வண்டியில் ஏற்றி அனுப்பப்படவில்லை. அந்தந்த மாநில ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு வந்து பயின்று, தங்கள் மொழியில், தங்கள் ஊர்க் கதைகளோடும் பாடல்களோடும் அட்டைகளைப் புதிதாக எழுதினார்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் இதைத் தொடங்கியதும் இவ்வாறே. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-இல் அது தமிழகம் முழுவதும் பரவியது. அவ்வளவு விரைவாகப் பரப்பியது சரியா என்பதில் கல்வியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இங்கு வேண்டுவதில்லை. கவனிக்கற்பாலது ஒன்றே: அட்டையை எழுதிய ஆசிரியருக்கு அட்டை தொலைந்தால் திரும்ப எழுதத் தெரியும். பெட்டியை வெறுமனே பெற்றுக்கொண்ட ஆசிரியர் கொடையாளரை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும்.

திருப்பதியிலேயே மற்றொரு சான்றும் உண்டு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துவதுடன், 6 வயதுக்குட்பட்ட அத்தகைய குழந்தைகளுக்கென ‘சிரவணம்’ என்னும் திட்டத்தையும் மேற்கொண்டது. செவிக்கருவியைக் காதில் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவதோடு பணி முடிவதில்லை. பேச்சுப் பயிற்சியில் தாயும் உடனிருந்து கற்றுக்கொள்கிறார் என்பதே அதன் சிறப்பு. கருவிக்கு மின்கலம் தீரும். காதில் பொருத்தும் அச்சோ, குழந்தையின் காது வளர வளரச் சில மாதங்களிலேயே பொருந்தாமற் போகும். புதிது வார்க்க வேண்டும். கருவி ஒருமுறைச் செலவு; அச்சும் மின்கலமும் பயிற்சியும் தொடர் செலவு. மூலதனத்தைக் கொடுத்துவிட்டு நடைமுறை மூலதனத்தை மறந்தால் எந்தத் தொழிலும் நிற்காது என்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள்.

கொடையாளரும் நாட்காட்டியும்

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணை சிறப்புக் கல்வியைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. தமிழ் பேசும் சத்தியவேட்டுப் பகுதியில் அமைந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில் பெரிய ஆலைகள் பல இயங்குகின்றன. ஆகவே பணத்துக்கு வழியில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது; செலவிடாத தொகைக்கு விளக்கமும் தர வேண்டியிருக்கிறது. ஆகவே அவசரமாக வாங்கிய பெட்டிகள் மார்ச் இறுதியில் வந்திறங்குவதும், ஏப்ரலில் பள்ளி கோடை விடுமுறைக்கு மூடப்படுவதும் நேரிடுகின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்போது பெட்டியைப் பெற்றுக்கொண்ட சிறப்பாசிரியர் வேறு மண்டலத்துக்கு மாற்றப்பட்டிருக்கவும் கூடும்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. ஆந்திரத்தில் மண்டல அளவில் பவிதா மையங்கள் இயங்குகின்றன. அவற்றில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். ஒவ்வொரு மையமும் ஜூன், ஜூலை மாதங்களில், தன்னிடம் வரும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் வேண்டியது எது, எந்த அளவு, எந்த மொழி, எந்த உதிரித்துண்டு என்று பட்டியல் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பலாம். கொடையாளர் முன்வரும்போது அந்தப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கொடையில் ஐந்தில் ஒரு பங்கை மறு ஆண்டின் மாற்றுப்பொருள்களுக்கென ஒதுக்கச் சொல்வதும் முறையற்ற கோரிக்கையன்று. 2023 நவம்பரில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நடைமுறைகளை வெளியிட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை அங்கேயே கண்டறிந்து, உடனமர்த்திக் கற்பிக்க அது வழிகாட்டுகிறது. பவிதா மையத்தின் பட்டியலில் அருகிலுள்ள அங்கன்வாடிக் குழந்தைகளின் தேவையும் இடம்பெறுமானால், சட்டம் தளர்வாக விட்ட அந்த மூன்று ஆண்டுகளும் வீணாகா.

இறுதியாக, அலுவலர்களின் கையிலேயே உள்ள ஒன்று. நன்கொடையாக வந்த பொருள்கள் பெரும்பாலும் இருப்புப் பதிவேட்டில் நிலைப்பொருளாகவே பதியப்படுகின்றன. அவ்வாறு பதிந்த பின் ஒரு துண்டு தொலைந்தாலும் தணிக்கையில் விளக்கம் தர வேண்டியவர் ஆசிரியை. ஆகவே அவர் பெட்டியைப் பிரிக்காமலே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்; ஆய்வுக்கு வரும் அலுவலர் திறந்து பார்க்கும்போது எல்லாம் புத்தம் புதிதாக, எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றன. ஆசிரியையைக் குறைகூற இடமில்லை. மணி, அட்டை, மரத்துண்டு, களிமண், கயிறு ஆகியவற்றை வந்த நாளன்றே நுகர்பொருள் தலைப்பில் பதிந்து, தேய்ந்ததும் தொலைந்ததும் மாதந்தோறும் ஒரு வரியில் குறித்தால் போதும் என்று மாவட்ட அளவில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால், அதற்காகும் செலவு தாளின் விலை மட்டுமே. அடுத்த ஆய்வின்போது அலமாரி காலியாக இருக்கிறதா என்பதையும், பலகையின் ஓரங்கள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் அலுவலர் பார்த்து வரலாம்.